வெளிநாட்டு உறவினர் தரும் பணக்கொடை: இந்திய வரிச் சட்டம் பார்க்கும் விதம்

வெளிநாட்டில் வாழும் உறவினர் ஒருவர் இந்தியாவில் இருக்கும் குடும்பத்தினருக்கு எதையும் திரும்ப எதிர்பாராமல் அனுப்பும் பணம் இந்திய வரிச் சட்டத்தின் பார்வையில் கொடை ஆகும். மகன் பெற்றோருக்கு அனுப்பும் வீட்டுச் செலவுப் பணம், அக்கா தம்பிக்கு வீடு கட்டத் தரும் தொகை, தாய்மாமன் மருமகளின் படிப்புக்குக் கொடுக்கும் உதவி ஆகிய எல்லாம் இதில் அடங்கும். உலகிலேயே வெளிநாடுகளிலிருந்து மிக அதிகமாகப் பணம் பெறும் நாடு இந்தியா. ரிசர்வ் வங்கி நடத்திய ஆய்வின்படி 2023-24-இல் நாட்டுக்கு வந்த இத்தகைய பணத்தில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 விழுக்காடு. மகாராஷ்டிரம், கேரளம் ஆகிய இரண்டுக்கும் அடுத்த இடம் அது. பணம் புறப்பட்ட நாடுகளில் அமெரிக்கா 27.7 விழுக்காட்டுடன் முதலிடத்திலும் ஐக்கிய அரபு அமீரகம் 19.2 விழுக்காட்டுடன் இரண்டாம் இடத்திலும் இருந்தன.

வெளிநாட்டிலிருந்து வரும் கொடைக்கெனத் தனி வரி எதுவும் இந்தியாவில் இல்லை. உள்ளூர் உறவினர் தரும் பணத்துக்கும் கடல் கடந்து வரும் பணத்துக்கும் வருமான வரிச் சட்டத்தில் ஒரே விதிதான். கொடுத்தவர் பெற்றவருக்கு என்ன உறவு, பணம் எந்த வழியாக வந்தது, இரண்டுக்கும் சான்று உண்டா என்ற மூன்று கேள்விகளே வரியைத் தீர்மானிக்கின்றன. கடல் கடந்து வரும் பணத்தில் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளின் கனம் கூடுகிறது.

கொடுப்பவரிடமிருந்து பெறுபவருக்கு

கொடைக்கு வரி விதிக்கும் முறை இந்தியாவில் 1958-இல் தொடங்கியது. கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டோர் 1956-இல் இந்திய வரி அமைப்பை ஆராய்ந்து அளித்த பரிந்துரைகளில் சொத்து வரி, செலவு வரி ஆகியவற்றுடன் கொடை வரியும் இடம்பெற்றிருந்தது. வாழ்நாளிலேயே சொத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்து, இறப்புக்குப் பின் வரும் எஸ்டேட் வரியிலிருந்து தப்பிப்பதைத் தடுப்பது அதன் முக்கிய நோக்கம். 1958-ஆம் ஆண்டுக் கொடை வரிச் சட்டத்தில் வரி கட்டும் பொறுப்பு கொடுப்பவருடையது. அச்சட்டத்தின் கடைசி ஆண்டுகளில் 30,000 ரூபாய்க்கு மேற்பட்ட கொடைக்கு 30 விழுக்காடு வரி இருந்தது.

எஸ்டேட் வரி 1985-இல் ஒழிக்கப்பட்டபின் கொடை வரிக்கான அடிப்படைக் காரணமே மறைந்தது. வசூலும் சொற்பமாக இருந்தது. யஷ்வந்த் சின்ஹா நிதியமைச்சராக இருந்தபோது, 1998 அக்டோபர் 1 முதல் கொடுக்கப்படும் கொடைகளுக்கு வரி இல்லை என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆறு ஆண்டுகள் கொடுப்பவருக்கும் வரியில்லை, பெறுபவருக்கும் வரியில்லை. கணக்கில் வராத பணத்தைக் கொடை என்ற பெயரில் கணக்குக்குள் கொண்டுவர இந்த இடைவெளி வசதியாக அமைந்தது.

ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்த 2004-இல் வரி வேறு உருவில் திரும்பி வந்தது. 2004 செப்டம்பர் 1 முதல், உறவினர் அல்லாத ஒருவரிடமிருந்து பதிலுக்கு எதுவும் தராமல் பெறும் பணம் 25,000 ரூபாயைத் தாண்டினால் அது பெறுபவரின் வருமானம் என்று விதிக்கப்பட்டது. 2006 ஏப்ரல் 1 முதல் வரம்பு 50,000 ரூபாயாக உயர்ந்தது. ஒரு நிதியாண்டில் பலரிடமிருந்து வந்த தொகைகளைக் கூட்டிப் பார்க்கும் முறையும் வந்தது. 2009 அக்டோபர் முதல் நிலம், வீடு, நகை, பங்கு போன்றவையும் சேர்க்கப்பட்டன. 2017 ஏப்ரல் முதல், தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டும் இருந்த விதி நிறுவனங்கள் உட்பட எல்லோருக்கும் விரிந்தது. 50,000 ரூபாய் வரம்பு மட்டும் 2006-க்குப் பின் மாறவே இல்லை.

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 56-ஆம் பிரிவில், ‘பிற வழிகளில் வரும் வருமானம்’ என்ற தலைப்பின் கீழ் இந்த விதி இருந்தது. அச்சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரிவு எண்கள் மாறின, மதிப்பீட்டு ஆண்டு என்ற சொல் போய் வரி ஆண்டு வந்தது. கொடை பற்றிய விதியின் சாரம் மாறவில்லை. வரி அலுவலகத்திலும் ஆடிட்டர்களிடமும் பழைய எண்களே இன்னும் புழங்குவதால் இங்கும் அவையே தரப்படுகின்றன.

யார் உறவினர்

உறவினரிடமிருந்து வரும் பணக்கொடைக்கு வருமான வரி இல்லை. தொகைக்கு உச்சவரம்பும் இல்லை. ஆயிரம் ரூபாயானாலும் ஒரு கோடியானாலும் விதி ஒன்றே. எனவே உறவினர் பட்டியலில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதுதான் முதல் கேள்வி. உறவு எப்போதும் பணத்தைப் பெறுபவரின் பக்கமிருந்தே பார்க்கப்படுகிறது.

பெறுபவரின் கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தோர், தாய் தந்தையரின் உடன்பிறந்தோர், நேர்வழி முன்னோரும் சந்ததியினரும், கணவன் அல்லது மனைவியின் நேர்வழி முன்னோரும் சந்ததியினரும், இவர்கள் எல்லோருடைய வாழ்க்கைத் துணைவர்களும் சட்டப்படி உறவினர்கள்.

இதன்படி பெற்றோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், தாத்தா, பாட்டி, மாமனார், மாமியார், மருமகன், மருமகள் எல்லோரும் பட்டியலுக்குள் வருகிறார்கள். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, தாய்மாமன், பெரியம்மா, சித்தி ஆகியோரும் அவர்களுடைய துணைவர்களும் வருகிறார்கள். அண்ணி, அக்காள் கணவர், கொழுந்தன், நாத்தனார், மைத்துனர், ஓரகத்தி, சகலை ஆகியோருக்கும் இடமுண்டு.

விடுபட்டவர்களும் நெருங்கிய சொந்தங்களே. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா ஆகியோரின் பிள்ளைகள் பட்டியலில் இல்லை. பெரியப்பா மகனையும் அண்ணன் என்றே அழைக்கும் குடும்பத்தில் இது எளிதில் கவனம் தப்பும். சட்டத்தில் சகோதரர் என்றால் உடன்பிறந்தவர் மட்டுமே. மாமனாரின் தம்பி, மாமியாரின் அக்கா ஆகியோரும் இல்லை, ஏனெனில் பெற்றோரின் உடன்பிறந்தோர் என்ற சொற்றொடர் பெறுபவரின் சொந்தப் பெற்றோரை மட்டுமே குறிக்கிறது. தாத்தாவின் தம்பியும் சம்பந்தியும் வெளியேதான் நிற்கிறார்கள்.

இந்தப் பட்டியல் சில இடங்களில் ஒருபக்கமாகவே செல்லும். துபாயில் இருக்கும் சித்தப்பா மதுரையில் இருக்கும் அண்ணன் மகனுக்கு 5 லட்சம் ரூபாய் அனுப்பினால் வரி இல்லை. கொடுத்தவர் பெறுபவரின் தந்தையுடன் பிறந்தவர். சில ஆண்டுகளுக்குப் பின் அதே அண்ணன் மகன் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்து, ஊர் திரும்பிய சித்தப்பாவின் மருத்துவச் செலவுக்கு 5 லட்சம் அனுப்பினால் முழுத் தொகையும் சித்தப்பாவின் வருமானம். உடன்பிறந்தவரின் பிள்ளை என்ற உறவு பட்டியலில் எங்கும் சொல்லப்படவில்லை. வளர்ந்த பிள்ளைகள் வெளிநாட்டிலும் மூத்தவர்கள் ஊரிலும் இருக்கும் குடும்பங்களில் பணம் பெரும்பாலும் இந்த இரண்டாவது திசையில்தான் பாய்கிறது.

மகன் தன் தந்தைக்கும், தந்தை தன் தம்பிக்கும் கொடுத்தால் ஒவ்வொரு கட்டத்திலும் கொடை உறவினரிடமிருந்தே வருகிறது. தந்தை தம் விருப்பப்படி கொடுத்தால் அதில் தவறில்லை. வரியைத் தவிர்ப்பதற்காக மட்டும் பணம் ஒரே நாளில் ஒரு கணக்குக்குள் நுழைந்து அப்படியே வெளியேறினால், மதிப்பீட்டு அதிகாரி இரண்டையும் ஒரே பரிமாற்றமாகக் கருதி விளக்கம் கேட்க இடமுண்டு.

உறவைப் பார்க்காத விலக்குகள்

சில தருணங்களில் கொடுப்பவர் யாராக இருந்தாலும் வரி இல்லை. திருமணத்தின்போது மணமக்களுக்கு வரும் கொடை அவற்றில் முதன்மையானது. லண்டனில் இருக்கும் நண்பரோ ஒன்றுவிட்ட சகோதரரோ திருமணத்துக்கு அனுப்பும் மொய்க்கும் இது பொருந்தும். ஆனால் விலக்கு மணம் செய்துகொள்பவருக்கு மட்டுமே உரியது. அதே நண்பர் மணமகளின் தந்தை கணக்கில் 2 லட்சம் ரூபாய் போட்டால் அது தந்தையின் வருமானமாகக் கொள்ளப்படும். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, வளைகாப்பு, புதுமனை புகுவிழா, அறுபதாம் கல்யாணம் ஆகியவற்றில் வரும் பணத்துக்கு இந்த விலக்கு இல்லை.

உயில் மூலமோ வாரிசுரிமை மூலமோ வரும் பணத்துக்கு வரி இல்லை. மரணத்தை எதிர்நோக்கி நோயாளி ஒருவர் கொடுக்கும் பணத்துக்கும் அப்படியே. வெளிநாட்டில் இறந்தவரின் சேமிப்பு அங்குள்ள சட்டப்படி வாரிசுக்கு வந்து சேரும்போது, இறந்தவருக்கும் பெறுபவருக்கும் உள்ள உறவு இந்தியாவில் ஆராயப்படுவதில்லை. உயிலோ வாரிசுச் சான்றோ இருந்தால் போதும்.

கடன் கொடை ஆகாது. திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டு ஒன்றுவிட்ட சகோதரரிடமிருந்து வாங்கிய பணம் வருமானத்தில் சேராது. ஆனால் வெளிநாட்டில் வாழ்பவரிடம் கடன் வாங்குவதற்கு அந்நியச் செலாவணி விதிகள் தனியே உள்ளன. கேள்வி எழுந்தபின் கொடையைக் கடன் என்று பெயர் மாற்றுவது நிற்காது. ஒப்பந்தமும் தவணை திரும்பிய தடமும் கேட்கப்படும்.

வரி கணக்கிடும் முறை

உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வந்த பணம் மொத்தம் 50,000 ரூபாய் வரை இருந்தால் வரி இல்லை. அதைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்லாமல் முழுத் தொகைக்கும் வரி உண்டு. சரியாக 50,000 ரூபாய் பெற்றவரின் வருமானத்தில் எதுவும் சேராது. 51,000 பெற்றவருக்கு 51,000-மும் சேரும். ஒருவரிடம் 30,000, இன்னொருவரிடம் 25,000 என்று வந்தாலும் கூட்டுத்தொகையே கணக்கு. உறவினர் தந்த பணம் இந்தக் கூட்டலில் வராது.

இப்படிச் சேரும் பணத்துக்குத் தனி விகிதம் கிடையாது. பெறுபவரின் மற்ற வருமானத்துடன் கூட்டி வழக்கமான அடுக்குகளின்படி வரி போடப்படும். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 24 லட்சம் வரை ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் முறையே 5, 10, 15, 20, 25 விழுக்காடும், 24 லட்சத்துக்கு மேல் 30 விழுக்காடும் வரி. இந்தியாவில் வசிப்பவரின் வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடியால் வரி பூஜ்யமாகிவிடும்.

கழிவுகளுக்குப் பின் 15 லட்சம் ரூபாய் வருமானம் உள்ள ஒருவரை எடுத்துக்கொண்டால், அவருடைய வரி 1,05,000 ரூபாய். கனடாவிலிருந்து அத்தை மகன் 2 லட்சம் ரூபாய் அனுப்பினால் வருமானம் 17 லட்சமாகி, வரி 1,40,000 ஆகிறது. கூடுதலான 35,000 ரூபாயுடன் 4 விழுக்காடு செஸ் 1,400 சேர்த்து, அந்தக் கொடைக்கான வரி 36,400 ரூபாய். அதே 2 லட்சத்தை அத்தையே அனுப்பியிருந்தால் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. வருடத்துக்கு 6 லட்சம் மட்டுமே சம்பாதிக்கும் ஒருவருக்கு அத்தை மகன் அனுப்பியிருந்தால், கூட்டிய வருமானம் 8 லட்சம். தள்ளுபடி இருப்பதால் அவருக்கும் வரி வராது. ஆனாலும் அத்தொகையை அவர் கணக்கில் காட்டியாக வேண்டும்.

கொடைக்கு வரி இல்லை, அதன் வட்டிக்கு உண்டு

பெற்ற பணத்துக்கு வரி இல்லை என்பதால் அது ஈட்டும் வருமானத்துக்கும் வரி இல்லை என்று ஆகாது. வங்கியில் போட்டால் வட்டி, வீடு வாங்கினால் வாடகை, பங்கு வாங்கி விற்றால் லாபம் ஆகிய எல்லாவற்றுக்கும் வரி உண்டு. அந்த வருமானம் யாருடைய கணக்கில் சேரும் என்பதைக் கொடுத்தவரின் உறவு தீர்மானிக்கிறது.

மகனோ மகளோ பெற்றோருக்குக் கொடுத்தால் வட்டி பெற்றோருடைய வருமானம். உடன்பிறந்தோருக்கிடையிலும் அப்படியே. கணவன் மனைவிக்கு, மனைவி கணவனுக்கு, மாமனார் அல்லது மாமியார் மருமகளுக்குக் கொடுத்தால் நிலை வேறு. அப்பணத்திலிருந்து கிடைக்கும் வருமானம் கொடுத்தவரின் வருமானத்துடன் சேர்க்கப்படும் என்று 64-ஆம் பிரிவு சொல்கிறது. வயதுவராத பிள்ளையின் பெயரில் தாத்தா பணம் போட்டாலும், அதன் வட்டி தாய் தந்தையரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவருடைய கணக்கில் சேரும்.

துபாயில் வேலை செய்யும் கணவர் திருநெல்வேலியில் இருக்கும் மனைவிக்கு 20 லட்சம் ரூபாய் அனுப்பி, அதை மனைவி தம் பெயரில் 7 விழுக்காட்டு வட்டிக்கு வைப்பில் போடுகிறார் என்று வைத்துக்கொண்டால், முதல் ஆண்டு வட்டி 1,40,000 ரூபாய். அது கணவரின் இந்திய வருமானம். அவருக்கு இந்தியாவில் வேறு வருமானமே இல்லை என்றால் 4 லட்சம் வரம்புக்குள் அடங்கி வரி எழாது. வாடகையோ பங்கு லாபமோ இருந்தால் அதனுடன் கூடும். 12 லட்சம் வரையிலான தள்ளுபடி வெளிநாட்டில் வாழ்பவருக்குக் கிடையாது. மனைவி அந்த 1,40,000 ரூபாயை மறுபடி வைப்பில் போட்டு ஈட்டும் வட்டி மட்டும் மனைவியின் சொந்த வருமானம். கணவர் அதே 20 லட்சத்தைத் தம் பெயரில் என்.ஆர்.இ. (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) வைப்பாகவே வைத்திருந்தால், அவர் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவராக இருக்கும்வரை அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. எனவே மனைவிக்குச் செலவுக்கு அனுப்புவதும் மனைவி பெயரில் முதலீடு செய்வதும் வரிக் கணக்கில் ஒன்றல்ல.

பணம் வரும் வழி

1973-ஆம் ஆண்டின் ஃபெரா சட்டத்துக்குப் பதிலாக வந்த ஃபெமா எனும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 2000 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. வெளிநாட்டிலிருந்து வரும் பணம் அங்கீகரிக்கப்பட்ட வங்கி அல்லது முகவர் மூலமே வர வேண்டும் என்பது அதன் அடிப்படை. வங்கிகளுக்கிடையிலான நேரடிப் பரிமாற்றம், வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்கள் இந்திய வங்கிகளுடன் செய்துகொண்ட ரூபாய் ஏற்பாடு, பணப் பரிமாற்றச் சேவைத் திட்டம் ஆகியவை முக்கிய வழிகள். கடைசியாகச் சொன்ன திட்டத்தில் ஒரு தடவைக்கு 2,500 அமெரிக்க டாலர் உச்சவரம்பு. ஒருவர் ஓராண்டில் 30 தடவை பெறலாம். கவுண்டரில் ரொக்கமாக வாங்க 50,000 ரூபாய் வரை அனுமதி, அதற்கு மேல் வங்கிக் கணக்கில்தான் சேரும். அனுப்புபவர் இந்தியாவில் வைத்திருக்கும் என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து உறவினரின் கணக்குக்கு ரூபாயாக மாற்றுவதும் முறையானதே.

வங்கிக்கு வரும் ஒவ்வொரு தொகையும் ஏன் வந்தது என்பதற்கு ரிசர்வ் வங்கி குறியீடு வைத்திருக்கிறது. குடும்பச் செலவுக்கும் சேமிப்புக்கும் வரும் பணத்துக்கு பி1301. தனிப்பட்ட கொடைக்கு பி1302. வங்கி தரும் வெளிநாட்டுப் பண வரவுச் சான்றில் இந்தக் குறியீடு பதிவாகும். பின்னாளில் கேள்வி எழும்போது முதலில் பார்க்கப்படும் தாள் அதுவே. சம்பளத்துக்கோ சேவைக் கட்டணத்துக்கோ உரிய குறியீட்டில் கொடைப் பணம் தவறிப் பதிவானால் அதை உடனே வங்கியில் திருத்திக்கொள்வது நல்லது.

ஊருக்கு வரும் உறவினர் கையில் கொண்டுவரும் வெளிநாட்டு நோட்டுக்கு உச்சவரம்பு இல்லை. ஆனால் நோட்டுகள் 5,000 டாலர் மதிப்பையோ, பயணக் காசோலை உள்ளிட்ட மொத்தம் 10,000 டாலர் மதிப்பையோ தாண்டினால் விமான நிலையச் சுங்கத்தில் படிவம் நிரப்பித் தெரிவிக்க வேண்டும். கொடையாகப் பெற்ற வெளிநாட்டு நோட்டுகளை இந்தியாவில் வசிப்பவர் 2,000 டாலர் மதிப்பு வரை வைத்துக்கொள்ளலாம்.

ரூபாய் நோட்டாக வாங்கும்போது 269எஸ்டி பிரிவு குறுக்கிடுகிறது. 2017 ஏப்ரல் 1 முதல், ஒருவரிடமிருந்து ஒரே நாளில், அல்லது ஒரே நிகழ்வை ஒட்டி, 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக் கூடாது. மீறினால் பெற்ற தொகைக்குச் சமமான அபராதம். தந்தை, மகன் என்ற உறவுக்கும் இதில் சலுகை இல்லை. வருமான வரி விலக்கு உள்ள கொடையே ரொக்கமாக வாங்கியதால் முழுத் தொகை அபராதத்துக்கு ஆளாகலாம்.

வளைகுடாவிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் நெடுங்காலமாகப் புழங்கும் உண்டியல் முறை இந்த இடத்தில்தான் சிக்கலாகிறது. அங்கே திர்ஹாமையோ சிங்கப்பூர் வெள்ளியையோ ஒருவரிடம் கொடுத்தால், மறுநாளே ஊரில் இன்னொருவர் வீட்டு வாசலில் ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போகிறார். மாற்று விகிதம் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும், வங்கிக்குப் போகவும் தேவையில்லை. ஆனால் பணம் எல்லையைக் கடக்கவே இல்லை. ஊரில் கைமாறுவது வேறு யாருடையவோ கணக்கில்லாப் பணம். வெளிநாட்டில் இருப்பவரின் உத்தரவுப்படி அங்கீகாரமற்ற வழியில் இந்தியாவில் பணம் பெறுவதை ஃபெமாவின் 3-ஆம் பிரிவு தடைசெய்கிறது. அபராதம் சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை போகலாம். மகன் அனுப்பிய பணம்தான் அது என்பதற்கு ஒரு தாள்கூட இல்லாததால் வரி விலக்கும் கைநழுவுகிறது.

வழியில் பிடிக்கப்படும் சிறு தொகைகள்

வெளிநாட்டு நாணயத்தை ரூபாயாக மாற்றும் சேவைக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு. இது கொடைத் தொகைக்குப் போடப்படும் வரி அல்ல. மாற்றும் சேவையின் மதிப்பென்று விதி குறிக்கும் சிறு தொகைக்கே போடப்படுகிறது. 1 லட்சம் ரூபாய் வரை அதன் 1 விழுக்காடு, குறைந்தது 250 ரூபாய். 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 1,000 ரூபாயுடன் மீதிக்கு அரை விழுக்காடு. அதற்கு மேல் 5,500 ரூபாயுடன் மீதிக்கு 0.1 விழுக்காடு, அதிகபட்சம் 60,000 ரூபாய் என்பது அந்த மதிப்பு. 5 லட்சம் ரூபாய் வந்தால் சேவை மதிப்பு 3,000 ரூபாய், வரி 540 ரூபாய்.

அனுப்புபவர் வாழும் நாட்டின் சட்டமும் தனியே பொருந்தும். அமெரிக்காவில் கொடை வரி கொடுப்பவருக்கே உரியது. 2025-இல் ஒருவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 19,000 டாலர் வரை கொடுப்பதைத் தெரிவிக்கவே தேவையில்லை. அதைத் தாண்டினால் 709 எண் படிவம் நிரப்ப வேண்டும். ஒரு கோடி டாலருக்கும் மேற்பட்ட வாழ்நாள் விலக்கு இருப்பதால் வரி கட்ட நேர்வது அரிது. 2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவிலிருந்து ரொக்கம், மணி ஆர்டர் போன்றவற்றைக் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 1 விழுக்காடு வரி வந்துள்ளது. வங்கிக் கணக்கிலிருந்தோ அமெரிக்க டெபிட், கிரெடிட் கார்டிலிருந்தோ அனுப்பினால் அது இல்லை. பிரிட்டனில் கொடுத்தவர் ஏழு ஆண்டுகளுக்குள் இறந்தால் அந்தக் கொடை வாரிசு வரிக் கணக்கில் வரக்கூடும். சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் கொடை வரி இல்லை.

சான்று

வங்கி வழியாக வந்த பணம் என்பது மட்டுமே கொடை உண்மையானது என்பதற்குப் போதிய சான்றாகாது. தமிழ்நாட்டைச் சேர்ந்த வரிசெலுத்துவோர் சிலர் வெளிநாட்டிலிருந்து பெற்ற கொடைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007-இல் இதைத் தெளிவாக்கியது. வெளிநாட்டு வங்கிகளின் ஆவணங்கள் மூலம் முறையாகவே பணம் வந்திருந்தது. ஆனால் கொடுத்தவருக்கு அவ்வளவு பெருந்தொகை தர என்ன காரணம், பெற்றவர்களுடன் அவருக்கு என்ன தொடர்பு என்பதற்கான விளக்கம் வரித் துறைக்கு ஏற்புடையதாக இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் வரிசெலுத்துவோர் பக்கம் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

68-ஆம் பிரிவின் கீழ் மூன்று செய்திகளைப் பெறுபவர் நிறுவ வேண்டும்: கொடுத்தவர் யார், அவருக்கு அவ்வளவு கொடுக்கும் வசதி உண்டா, பரிமாற்றம் உண்மையானதா. நிறுவ முடியாவிட்டால் தொகை விளக்கமற்ற வரவாகக் கருதப்படும். அத்தகைய வரவுக்கான வரியை 2016 நவம்பர் பணமதிப்பிழப்பை அடுத்து, அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் 60 விழுக்காடாக உயர்த்தியது. 25 விழுக்காடு சர்சார்ஜும் 4 விழுக்காடு செஸ்ஸும் சேரும்போது 1961 சட்டத்தின் 115பிபிஇ பிரிவின்படி அது தொகையில் 78 விழுக்காடாக இருந்தது. எந்தக் கழிவும் அதற்கு எதிராகக் கிடைக்காது. வரியே இல்லாத கொடைக்கும் இத்தகைய கடும் வரிக்கும் நடுவே நிற்பவை சில தாள்கள்தான்.

பணக்கொடைக்குப் பதிவுசெய்த பத்திரம் கட்டாயமில்லை. பணம் கைக்கு வந்தாலே கொடை நிறைவேறிவிடும். இருப்பினும் கொடுத்தவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று இருப்பது வழக்கம். கொடுப்பவர், பெறுபவர் பெயரும் உறவும், தொகையும் தேதியும், எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு என்பதும், அன்பினால் தரப்படுகிறது, திரும்பக் கேட்கப்படாது என்பதும் அதில் இருக்கும். கூடவே அனுப்பியவரின் பாஸ்போர்ட், விசா நகல், பணம் கிளம்பிய மாதத்து வங்கி ஸ்டேட்மெண்ட், சம்பளச் சான்று, வங்கி தந்த வரவுச் சான்று, உறவைக் காட்டும் பிறப்புச் சான்றோ குடும்ப அட்டையோ சேர்த்து வைக்கப்படும். 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ சம்பந்தப்பட்ட கணக்கை, 1961 சட்டப்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 ஆண்டு 3 மாதம் வரை மறுபடி திறக்கலாம். சிறு தொகைகளுக்கு 3 ஆண்டு 3 மாதம். தாள்களைக் குறைந்தது அதுவரை பத்திரப்படுத்த வேண்டும்.

குடியுரிமை மாறிய உறவினர்

வருமான வரிச் சட்டம் கொடுப்பவரின் குடியுரிமையைப் பார்ப்பதில்லை. 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் பார்க்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டுடன் வெளிநாட்டில் வாழ்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்க, பிரிட்டிஷ் அல்லது வேறு குடியுரிமை பெற்றுவிட்டவர், ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை வைத்திருந்தாலும், அச்சட்டப்படி வெளிநாட்டவரே. அவர் உறவினருக்குப் பணம் அனுப்பத் தடையில்லை. ஆனால் இத்தகைய உறவினர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் பெற்றவர், பெற்ற மூன்று மாதத்துக்குள் மத்திய உள்துறை அமைச்சகத்துக்கு எஃப்சி-1 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். 2022 ஜூலைக்கு முன் வரம்பு 1 லட்சம் ரூபாயாகவும் கெடு 30 நாளாகவும் இருந்தன. இதில் வரி எதுவும் இல்லை.

வரிக் கணக்கில் காட்டுவது

உறவினர் அல்லாதவர் தந்து 50,000 ரூபாயைத் தாண்டிய தொகை ‘பிற வழிகளில் வரும் வருமானம்’ பகுதியில் சேரும். அதற்கான வரியை முன்கூட்டியே பிடிக்க யாரும் இல்லாததால், கட்ட வேண்டிய மொத்த வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஆனால் முன்வரியாகத் தவணைகளில் செலுத்த வேண்டும். தவறினால் வட்டி சேரும். உறவினர் தந்த கொடை வருமானமே அல்ல என்றாலும், வரிக் கணக்குத் தாக்கல் செய்பவர்கள் அதை விலக்கு பெற்ற வருமானம் என்ற பகுதியில் காட்டுவது நடைமுறை. சேமிப்புக் கணக்கில் ஓராண்டில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் செலுத்தப்பட்டால் வங்கி அதை வரித் துறைக்குத் தெரிவிக்கும். பின்னர் அந்தப் பணத்தில் நிலமோ வீடோ வாங்கினால் பதிவு அலுவலகத்திலிருந்தும் தகவல் போகும். அப்போது கணக்கில் ஏற்கெனவே காட்டப்பட்ட கொடையும் கோப்பில் இருக்கும் கடிதமும் ஒன்றோடொன்று பொருந்தினால், வரும் நோட்டீஸுக்கு ஒரே பதிலில் விளக்கம் தந்துவிடலாம்.